ஆன்லைன் வகுப்பில் கேமராவைக் கட்டாயமாக்கலாமா?

கணக்கு டீச்சர்:
ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். அடுத்த மாதத்திலிருந்து கேமரா போடாதவர்களுக்கு அட்டெண்டன்ஸ் கிடையாது என்று சொல்லப்போகிறேன். கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசிப் பேசி அலுத்துவிட்டது. "புரியுதா?" என்று கேட்டால் நாலு பேர் "எஸ் மிஸ்" என்கிறார்கள். மற்றவர்கள் இருக்கிறார்களா, சாப்பிடப் போய்விட்டார்களா, யாருக்குத் தெரியும்? முகத்தைப் பார்க்காமல் பாடம் எடுப்பது என்னால் முடியாது. முடியும் என்பவர்கள் சொல்லுங்கள், கேட்கிறேன்.

கடைசி பெஞ்ச்:
கொரோனா சமயத்தில் நான் ப்ளஸ் டூ. எங்களுக்கும் கேமரா கட்டாயம்தான். முகத்தை நேரே வைத்துக்கொண்டு பிரவுசரில் இன்னொரு டேபைத் திறந்து செஸ் ஆடினோம். நேர் வகுப்பிலேயே கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கத் தெரிந்தவர்கள் மிஸ் நாங்கள்!

ரெண்டு பிள்ளைங்க அம்மா:
டீச்சர், எங்க வீடு ஒரே ஹால். மகள் உட்காரும் இடத்துக்குப் பின்னால் கொடியில் துணி, அதுக்குக் கீழே மாமியார் படுக்கை. கேமரா போட்டா அத்தனை பேருக்கும் எங்க குடும்பம் தெரியும். டேட்டா வேற. 2021-ல் ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினம் 2 ஜிபின்னு அரசு டேட்டா கார்டு கொடுத்தது, அதுவும் காலேஜ் பிள்ளைகளுக்குத்தான். பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு அப்பா போன்தான் கதி.

கணக்கு டீச்சர்:
உங்கள் கஷ்டம் புரிகிறதும்மா. உங்களுக்கு விலக்கு தரலாம். ஆனால் என் வகுப்பில் இந்தக் காரணத்தை அதிகம் சொல்வது தனி அறையும் வைஃபையும் உள்ள பிள்ளைகள். கடைசி பெஞ்ச் தம்பிக்கு ஒன்று: செஸ் ஆடினாலும் நாற்காலியில் இருந்தீர்களே! கேமரா இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

இயற்பியல் வாத்தியார்:
மேடம், நாற்காலியில் இருப்பதற்கா பாடம் எடுக்கிறோம்?

2020-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களிடமே ஏன் கேமராவை அணைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அதிகம் வந்த பதில், தன் தோற்றம் பற்றிய கூச்சம். பின்னால் வீட்டார் தெரிவார்கள் என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. கல்லூரிப் பிள்ளைக்கே அப்படியென்றால் பன்னிரண்டு வயசுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஹார்வர்டில் 21 நிமிடப் புள்ளியியல் பாட வீடியோவை நான்கு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டு முடிந்ததும் ஒரு சாராருக்குக் குட்டித் தேர்வு வைத்தார்கள். 2013-இல் வந்த ஆய்வு அது. தேர்வு எழுதியவர்களுக்கு மனம் அலைவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுக்கு முன்னால் நேரில் ஆசிரியர்கூடக் கிடையாது, வெறும் வீடியோ.

நான் செய்வது: ஐந்தாறு நிமிடத்துக்கு ஒரு கேள்வி. உங்கள் முழுக்கள் பாடத்தையே எடுங்கள். 5 − (−3) எவ்வளவு? எல்லோரும் சாட்டில் டைப் செய்து வையுங்கள், நான் சொல்லும்வரை அனுப்பாதீர்கள் என்பேன். மூன்று எண்ணியதும் மொத்தமாக வந்து விழும். யார் 8, யார் 2 என்று நொடியில் தெரியும். "புரியுதா?" என்று கேட்டால் இது தெரியவே தெரியாது.

கணக்கு டீச்சர்:
சாட்டா? முதலில் வந்த விடையைப் பார்த்து மீதிப் பேர் காப்பியடிப்பார்கள். தப்பாகப் போட்டவனைக் கிண்டலும் செய்வார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கேள்வி என்றால் போர்ஷன் எப்போது முடியும்?

இயற்பியல் வாத்தியார்:
ஜூமில் சாட் ஹோஸ்டுக்கு மட்டும் போகும்படி மாற்றலாம். அவன் விடை அவனுக்கும் உங்களுக்கும்தான். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள்தான் என்னிடம் அதில் அதிகம் எழுதுகிறார்கள். போர்ஷன் குறையத்தான் குறையும், அதை மறைக்கவில்லை. பாதிப் பேர் 2 என்று எழுதியிருக்க அடுத்த பயிற்சிக்குப் போவதால் மட்டும் என்ன முடிந்துவிடப் போகிறது?

கணக்கு டீச்சர்:
சாட்டில் விடை எழுதுபவன் அண்ணனா தம்பியா என்று உங்களுக்குத் தெரியாது சார். 2ஐ 8 ஆக்க, அவன் எங்கே முழிக்கிறான் என்று நான் பார்க்கவேண்டும். ஹோஸ்ட் சாட்டைச் செய்து பார்க்கிறேன். வகுப்பு தொடங்கும்போது ஐந்து நிமிடம் கேமரா கட்டாயம், அதிலிருந்து இறங்கமாட்டேன்.

கடைசி பெஞ்ச்:
ஐந்து நிமிடம் பரவாயில்லை மிஸ். ஆனால் பேரைச் சொல்லி "கேமரா போடு" என்று எல்லோர் முன்னாலும் அதட்டாதீர்கள், தனி மெசேஜில் சொல்லுங்கள். "நெட் போயிடுச்சு" என்று நாங்கள் வெளியே போனதெல்லாம் அந்த நிமிடத்தில்தான்.