வெரிகோசீல் ஆபரேஷன்: செய்வதா, விடுவதா?

தூக்கம்கெட்டவன்:
கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை. மனைவிக்கு எல்லாப் பரிசோதனையும் சரி. எனக்கு இரண்டு முறை எடுத்ததிலும் விந்தணு மில்லிக்கு 70, 80 லட்சம்தான், குறைந்தது 1 கோடியே 60 லட்சம் வேண்டுமாம். டாக்டர் நிற்கவைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லி, கையால் தொட்டுப் பார்த்துவிட்டு இடது பக்கம் வெரிகோசீல், அதாவது விரைக்கு மேலே சிரைகள் புடைத்திருக்கின்றன, இரண்டாம் கிரேடு (நடுத்தர அளவு), ஆபரேஷன் செய்யலாம் என்றார். அந்த இடத்தில் கத்தி என்றதும் உள்ளே நடுங்குகிறது. செய்தவர்கள் சொல்லுங்கள்.

சுட்டபழம்:
வேண்டாம். ஐந்து வருஷம் முன்னால் செய்துகொண்டவன் சொல்கிறேன். கவுண்ட் (விந்தணு எண்ணிக்கை) ஏறவில்லை, எட்டாவது மாதம் விரையைச் சுற்றி நீர் கோத்து எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியதுதான் மிச்சம். ஹைட்ரோசீலாம், அதற்குத் தனியாக இன்னொரு ஆபரேஷன். கையெழுத்து வாங்கிய தாளில் அந்த வார்த்தை இருந்திருக்கும், வாயால் ஒருத்தரும் சொல்லவில்லை. கடைசியில் இக்ஸி, அதாவது லேபில் முட்டைக்குள் ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்திக் கருவாக்கும் முறை, செய்துதான் பெண் பிறந்தாள். நூறு ஆண்களில் 15 பேருக்கு வெரிகோசீல் இருக்கிறது, பெரும்பாலோர் ஒரு சிகிச்சையும் இல்லாமல் பிள்ளை பெற்றவர்கள்தான்.

இரட்டைமுடிச்சு:
அந்த 15 சரி, ஆனால் குழந்தையில்லை என்று வரும் ஆண்களில் அது 35, 40 ஆகிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? புடைத்த சிரைகளில் ரத்தம் தேங்கி, விரை சூடேறித்தான் உற்பத்தி கெடுகிறது. உங்களுக்கு எந்த முறையில் செய்தார்கள்? சிரையைக் கட்டும்போது பக்கத்தில் நூல் போல ஓடும் நிணநீர்க் குழாயும் சேர்ந்து முடிச்சில் மாட்டினால்தான் நீர் கோக்கும். மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்தால் அது 1 சதவீதம் வந்தாலே அதிகம், பழைய திறந்த முறையில் 7 வரை போகும். நான் மைக்ரோஸ்கோப் முறையில் செய்துகொண்டேன், ஆறு மாதத்தில் கவுண்ட் இரட்டிப்பானது.

சுட்டபழம்:
மாட்டினவனுக்கு அந்த 1 தான் 100. விரைக்குப் போகும் தமனி அறுந்தால் விரையே சுருங்கிவிடும், அதையும் சொல்லுங்கள்.

இரட்டைமுடிச்சு:
சொல்கிறேன், அபூர்வம் ஆனால் உண்டு. அதற்காகத்தான் டாப்ளர் என்ற ரத்த ஓட்டம் காட்டும் கருவியில் துடிப்பைக் கேட்டுத் தமனியை ஒதுக்கிவிட்டுக் கட்டுகிறார்கள். செய்பவர் இதை அடிக்கடி செய்கிறவரா, எத்தனை பேருக்குத் திரும்ப வந்தது என்று நேராகவே கேளுங்கள், கோபப்பட்டால் வேறு டாக்டர். அப்புறம், இக்ஸி இக்ஸி என்கிறீர்களே, தினமும் ஊசி, மயக்கம் கொடுத்து முட்டை எடுப்பது, சினைப்பை வீங்கும் அபாயம், எல்லாமே மனைவி உடம்பில்தான். குறை நம்மிடம், குத்து அவங்களுக்கா?

மருதாணிக்கை:
குத்து வாங்கியவள் வருகிறேன். மனைவிக்கு என்ன வயசு என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை பாருங்கள். விந்தணு உருவாகி வெளியே வரவே இரண்டரை மூன்று மாதம் ஆகும், ஆபரேஷன் பலித்ததா என்று தெரிய ஆறு மாதம், கரு தங்க ஒரு வருஷம்கூட ஆகலாம். 38 வயசுக்காரிக்கு அது பெரிய இழப்பு. இன்னொன்று, என் கணவருக்கு ஸ்கேனில் மட்டும் தெரிந்த, கைக்குத் தட்டுப்படாத வெரிகோசீலுக்கே தேதி குறித்துவிட்டார்கள். அந்த வகைக்கு ஆபரேஷன் தேவையில்லை என்று இரண்டாவது டாக்டர் நிறுத்தினார்.

தூக்கம்கெட்டவன்:
மனைவிக்கு 29. எனக்குக் கைக்கே தட்டுப்படுகிறது.

மருதாணிக்கை:
அப்படியென்றால் நேரம் இருக்கிறது. ஹார்மோன் பார்த்தார்களா? மருந்து, ஊசி ஏதாவது?

தூக்கம்கெட்டவன்:
ஹார்மோன் பார்க்கவில்லை. ஜிம்மில் ஒருவர் சொல்லி ஆறு மாதம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டேன், நிறுத்தி நாலு மாதம் ஆகிறது. டாக்டர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது ஆண்மைக்கு நல்லதுதானே?

சுட்டபழம்:
ஐயோ தம்பி! வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை, விரைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும், உற்பத்தியே படுத்துவிடும். திரும்ப எழும்ப ஆறு மாதம், ஒரு வருஷம், சிலருக்கு அதற்கும் மேல். உங்கள் இரண்டு ரிப்போர்ட்டும் அந்த நாலு மாதத்துக்குள் எடுத்தவைதானே?

இரட்டைமுடிச்சு:
இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். முதலில் ஹார்மோன், சில மாதம் கழித்து மறுபடி விந்துப் பரிசோதனை. ஆனால் வெரிகோசீலும் அங்கேதான் இருக்கிறது, அப்போதும் கவுண்ட் ஏறாவிட்டால்...

சுட்டபழம்:
கத்தியைக் கீழே வைக்கவே மாட்டீர்களா ஐயா!

தூக்கம்கெட்டவன்:
இரண்டும் அதற்குள்தான் எடுத்தேன். நாளைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் படிக்கிறாள், ஊசி விஷயம் அவளுக்கும் இப்போதுதான் தெரியும். கொஞ்ச நேரம் வரமாட்டேன்.