புதுப்பிப்பு: முதல் வாரம் குடவோலைப் பாடம் எடுத்தாச்சு

பள்ளி திறந்ததும் ஏழாம் வகுப்பைத் தூங்கவிடாமல் சோழர் ஆட்சிமுறையை எப்படி ஆரம்பிப்பது என்று மே மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. வீடியோ எடுபடவில்லை. "வகுப்பு லீடரையே குடவோலையில எடுங்க சார்" என்றாரே ஒருவர், அதுதான் பலித்தது. (குடவோலை: பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுத்து, ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த சோழர் கால முறை.)

சபைக்கு நிற்பவருக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921) சொல்லும் தகுதிகளைப் பலகையில் எழுதினேன்: வயது 35 முதல் 70, வரி கட்டும் கால்வேலி (வேலி என்பது பழைய நில அளவு) நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி. கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது என்றதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அப்போ போன வருஷ லீடர் அவுட்டு சார், சார்ட் பேப்பர் காசு!"

பெயர்ச்சீட்டுகளைக் குடத்தில் போட்டு, ஒரு ஆறாம் வகுப்புப் பையனை எடுக்கச் சொன்னோம்.

எதிர்பாராதது: "பொண்ணுங்க நிக்கவே முடியாதா சார்?" அடுத்த பீரியட் முழுக்க அதுவே ஓடியது.

சீட்டை மடியுங்கள். சுருட்டினால் பிரிக்கவே நேரம் போய்விடும்.