கொய்யாவும் வேண்டும், கோழியும் வேண்டும்: ராத்திரியில் வருவது எது?

கேள்வி (கொய்யாமரம்):

வீட்டுக்குப் பின்னால் கொய்யா, சப்போட்டா, ஒரு மாமரம். நடுவில் கோழிக்கூண்டு. பகலெல்லாம் கோழிகள் மரத்தடியில் மேயும், இருட்டினால் தானாகவே வந்து அடையும். போன வாரம் ஒருநாள் காலையில் திறந்தால் இரண்டு பெட்டைகள் செத்துக் கிடந்தன. ஒன்றுக்குத் தலையே இல்லை. இன்னொன்றுக்குக் கழுத்தில் மட்டும் கடி, உடம்பு அப்படியே இருந்தது. கதவுத் தாழ்ப்பாள் போட்டபடியே இருக்கிறது. கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்றுக்காக விட்ட இடைவெளி ஒன்று உண்டு, ஓர் உள்ளங்கை அகலம் இருக்கும். பழுத்த கொய்யாவும் பாதி கடிபட்டு விழுகிறது. மதில் மேல் விதை விதையாக எச்சம்.

விஷம் வைக்கச் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. அணில், கிளி, வௌவால் எல்லாம் வந்து போகிற தோட்டம் இது, அவை வருவது எனக்குப் பிடித்தும் இருக்கிறது. ஆனால் மிச்சமுள்ள கோழிகள் சாயங்காலம் கூண்டு வாசலில் நின்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கின்றன, உள்ளே போக மாட்டேன் என்கின்றன. என்ன செய்யலாம்?

பதில் (கூண்டுவேலை):

கோழிகள் போனது வருத்தமாக இருக்கிறது. விதை எச்சம், பூட்டிய கதவு, மேலே இடைவெளி, மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் மரநாய்தான், பெயரில்தான் நாய், பார்க்கப் பூனை மாதிரி இருக்கும். பழம்தான் அதற்கு முக்கியத் தீனி, ஆனால் கோழி கிடைத்தால் விடாது. ராத்திரியில்தான் நடமாடும், மரத்தில் ஏறிக் கூரை வழியாக இறங்கும். தலை நுழைகிற சந்து கிடைத்தால் அதற்குப் போதும். கீரியாக இருந்தால் பகலில் வந்திருக்கும், அடிமண்ணைப் பறித்திருக்கும், முட்டையையும் தொட்டிருக்கும். நாய் என்றால் கூண்டே பிய்ந்து கிடக்கும். பாம்புக்குக் கோழியைக் கடித்துத் தின்கிற வழக்கம் இல்லை, முட்டையோ குஞ்சோ முழுசாகக் காணாமல் போகும்.

முதல் வேலை அந்த இடைவெளி. அதை அடைக்க வேண்டாம், காற்று அவசியம். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த) வலையை அதன்மேல் போட்டு, வாஷர் வைத்து ஸ்குரூவால் முடுக்குங்கள். ஆணியை மடக்கி அடித்தால் இழுத்துப் பெயர்த்துவிடும். கோழிவலை என்று விற்கிற அறுகோணக் கண் வலையை இதற்கு நம்ப வேண்டாம். அது கோழியை உள்ளே வைத்திருக்கத்தான் ஆகும். கம்பி மெல்லியது, கண்ணும் பெரிது. கோழி அந்த வலையை ஒட்டிப் படுத்திருந்தால், மரநாய் வெளியிலிருந்தே காலை நீட்டி இழுத்துக் கடித்துவிடும். தலை மட்டும் இல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் அடைகிற கம்பை எல்லாப் பக்கமும் வலையிலிருந்து தள்ளி நடுவில் வையுங்கள்.

அப்புறம் கீழே. பெருச்சாளி, கீரி இரண்டுமே சுவரின் அடியை ஒட்டித்தான் தோண்டும். அதே வலையை ஒன்றரை அடி அகலத்துக்கு வெளிப்பக்கமாகத் தரையில் படுக்கவைத்து, மேலே மண்ணும் கல்லும் போடுங்கள். தோண்ட ஆரம்பித்ததும் கம்பி தட்டும். ஒன்றரை அடி பின்னால் போய்த் தோண்டவேண்டும் என்று அவற்றுக்குத் தோன்றுவதில்லை. குழி வெட்டிப் புதைப்பதைவிட வேலையும் குறைவு.

கூரைமேல் சாய்கிற கொய்யாக் கிளை ஏதாவது இருந்தால் இன்றைக்கே வெட்டுங்கள்.

பதில் (மாந்தோப்பு):

கூண்டைப் பற்றி அவர் சொல்லிவிட்டார், நான் பழத்துக்கு வருகிறேன். சாயங்காலம் கோழி அடைவதற்கு முன்னால் விழுந்த பழத்தைப் பொறுக்கிவிடுங்கள். சிந்தின தீவனத்தையும் கூட்டி எடுத்து, மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள். பழமும் தீவனமும் எலியைக் கூப்பிடும், எலி பாம்பைக் கூப்பிடும். பகலில் கோழிகள் மரத்தடியைக் கிளறட்டும், அது நல்லதுதான். பழ ஈயின் புழு பழத்திலிருந்து மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழு ஆகும். கோழி அதைத் தேடித் தேடித் தின்னும்.

எட்டுகிற உயரத்துக் கொய்யாவுக்குப் பழுக்கும் முன்பே காகிதப்பையோ துணிப்பையோ கட்டுங்கள். பழ ஈக்கு நல்ல தடுப்பு, மற்றவையும் ஓரளவு குறையும். உச்சியில் இருப்பதை விட்டுவிடலாம், அது கிளிக்கும் வௌவாலுக்கும்.

மரம் முழுக்க வலை போடுவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். பெரிய கண் உள்ள மெல்லிய நைலான் வலையைத் தொங்கவிடாதீர்கள். வௌவால் சிறகு சிக்கி, விடிகிற வரை துடித்துக் கிடக்கும். பாம்பும் மாட்டிக்கொள்ளும். விரல் நுழைந்தால் அந்த வலை வேண்டாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வீட்டுப் பழமரத்து வலைக்கு, இழுத்துப் பிடித்தாலும் கண் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2021 முதல் சட்டமே இருக்கிறது. வலை வெள்ளையாக இருந்தால் இருட்டிலும் தெரியும். இறுக்கமாகக் கட்டுங்கள்.

கொய்யாமரம்:

நன்றி. இன்றைக்கே வலை வாங்குகிறேன். மரநாயைப் பொறிவைத்துப் பிடித்து, தூரமாகக் கொண்டுபோய் விட்டால் அதற்கும் நல்லதுதானே?

கூண்டுவேலை:

வேண்டாம். காட்டு விலங்கைப் பிடிப்பது பல இடங்களில் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், பிடிபட்டது தாயாக இருந்தால் குட்டிகள் எங்கேயாவது ஒரு பொந்தில் பட்டினி கிடந்து சாகும். தெரியாத இடத்தில் விட்ட விலங்கும் பிழைப்பது கஷ்டம். பழமும் சந்தும் அப்படியே இருந்தால், காலியான இடத்துக்கு இன்னொரு மரநாய் வந்துவிடும்.

விஷம் வைக்காததற்கு உங்களைப் பாராட்டத்தான் வேண்டும். எலிமருந்தில் பல, ரத்தம் உறையாமல் செய்கிற வகை. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும், ஆந்தை அதைத்தான் சுலபமாகப் பிடிக்கும், விஷம் அதற்கும் போய்ச்சேரும். செத்த எலியை உங்கள் கோழியே கொத்தக்கூடும்.

கோழிகள் அடையப் பயப்படுகின்றன என்றீர்களே, வலை அடித்து முடித்ததும் பழைய உமியை மாற்றிவிட்டு, சில நாள் சாயங்காலத் தீவனத்தைக் கூண்டுக்குள்ளேயே வைத்துப் பாருங்கள். ஒன்று ஏறினால் மற்றவை பின்னாலேயே ஏறும். சிந்தினதை மட்டும் இருட்டுவதற்குள் எடுத்துவிடுங்கள்.