லாரி ஓட்டுநர் ஊதியத்தில் சரக்குச் சேதப் பிடித்தம்: வழி தெரிந்தவர்கள் உதவுங்கள்

நாமக்கல்லில் ஒரு லாரி நிறுவனத்தில் பத்துச் சக்கர வண்டி ஓட்டும் என் தம்பியின் ஊதியத்தில், கடந்த ஆடி மாதத்திலிருந்து பாதிக்கும் மேல் பிடித்துக்கொள்கிறார்கள். தாவணகெரேயிலிருந்து கோழித்தீவன ஆலைக்கு அவன் ஏற்றிவந்த மக்காச்சோள மூட்டைகளில் சில மழையில் நனைந்துவிட்டதால், லாரி வாடகையில் ஆலை கழித்துக்கொண்ட தொகையை நிர்வாகம் அவன் தலையில் கட்டிவிட்டது. தார்ப்பாய் ஓரம் கிழிந்திருப்பதைப் புறப்படும் முன்பே படமெடுத்து மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். "இந்த நடை போய் வா, அப்புறம் மாற்றலாம்" என்ற பதிலும் கைப்பேசியில் அப்படியே இருக்கிறது.

ஓட்டுநரின் கவனக்குறைவு என்றாலும், அவரிடம் விளக்கம் கேட்காமல் பிடிக்கக் கூடாது என்றும், மொத்தப் பிடித்தம் ஊதியத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. இங்கே இரண்டுமே மீறப்பட்டுள்ளன, இது அப்பட்டமான அநியாயம்.

மேலாளரிடம் நேரில் பேசினோம், உரிமையாளருக்கு ஒப்புகை அட்டையுடன் கடிதம் அனுப்பினோம், பதில் இல்லை. தொழிலாளர் துறை அலுவலகத்திலோ பணி நியமனக் கடிதம் கேட்கிறார்கள். அப்படி ஒன்றை நிறுவனம் யாருக்கும் கொடுத்ததே இல்லை. அவனிடம் இருப்பவை டிரிப் ஷீட்டுகள், பேட்டாச் சீட்டுகள், ஊதியம் வரவான வங்கிக் கணக்கு விவரம் ஆகியவையே.

நியமனக் கடிதம் இல்லாமல், இந்த ஆவணங்களை மட்டும் வைத்து ஊதியப் பிடித்தத்துக்கு எதிராக மனுத் தாக்கல் செய்து வென்றவர்கள் இருந்தால், எந்த அதிகாரியிடம், எப்படிச் செய்தீர்கள் என்று சொல்வீர்களா?