கலியாண அல்பம்: அடோபி ஆர்ஜிபியில் கொடுப்பதா, எஸ்ஆர்ஜிபியில் கொடுப்பதா?

பனங்காய்
சாவகச்சேரியில் எடுத்த ஒரு கலியாணப் படங்களை இப்போது எடிட் பண்ணிக்கொண்டிருக்கிறேன். பொம்பிளையின் கூறை நல்ல சிவப்பு, தங்கச் சரிகை. போட்டோஷொப்பில் பார்த்தால் வடிவாக இருக்கிறது. அதையே ஜேபெக் ஆக்கி அல்பம் டிசைன் பண்ணுபவருக்கு அனுப்பினால், அவருடைய திரையில் கூறை மங்கிப்போய், ஆட்களின் முகமும் வெளிறித் தெரிகிறது. எனக்குத் தொழில் பழக்கியவர் கமராவிலேயே அடோபி ஆர்ஜிபி என்ற அகலமான நிறவெளியை (படத்தில் வரக்கூடிய நிறங்களின் எல்லை) வைக்கச் சொல்லித் தந்தவர். படம் அடிக்கும் லாப்பில் அதைவிடச் சிறிய எஸ்ஆர்ஜிபி கேட்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

கறுப்புத்துணி
லாப் சொல்வதைக் கேளுங்கள் தம்பி. வெளியே போகிற படம் எல்லாம் எஸ்ஆர்ஜிபி, எந்த நிறவெளி என்று சொல்லும் புரொஃபைலும் ஃபைலின் உள்ளே இருக்கவேண்டும். நான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கூறை ஏன் மங்கியது என்றால், படத்தில் இருப்பது வெறும் எண்கள்தான். அந்த எண் எந்த நிறம் என்று சொல்வது புரொஃபைல். சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் எழுதினால், எஸ்ஆர்ஜிபியில் முழுச் சிவப்பு 255, 0, 0. அதே சிவப்பை அடோபி ஆர்ஜிபியில் எழுதினால் 219, 0, 0. போட்டோஷொப் புரொஃபைலை வாசித்துவிட்டுச் சரியாகக் காட்டும். புரொஃபைலைக் கவனிக்காத மென்பொருள் அந்த 219ஐ எஸ்ஆர்ஜிபி எண் என்று எடுத்துக்கொள்ளும். அப்போது சிவப்பு இருண்டு மங்கும். உங்கள் டிசைனரின் பக்கம் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

கடலோரம்
இதை நான் ஏற்கமாட்டேன். பிழை படத்தில் இல்லை, புரொஃபைலை வாசிக்காத மென்பொருளில். அதற்காகப் படத்தின் நிறத்தைக் குறைப்பது எந்த ஊர் நியாயம்? எஸ்ஆர்ஜிபி 1996இல் எச்பியும் மைக்ரோசொப்டும் அந்தக் காலத்துக் கண்ணாடிக் குழாய்த் திரைகளை வைத்து வகுத்தது. இன்றைய பிக்மென்ட் மைப் பிரிண்டர்கள் அதற்கு வெளியே இருக்கும் நிறங்களையும் அடிக்கும். தம்பி, கூறையின் சிவப்புக் காப்பாற்றப்பட வேண்டும் என்றால் அடோபி ஆர்ஜிபியை விடாதீர்கள்.

கறுப்புத்துணி
அண்ணை, மற்றதெல்லாம் இருக்கட்டும், கூறை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரியே இல்லை. இதைக் கன பேர் நம்பிக்கொண்டிருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நிறவெளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று மூலையுள்ள முக்கோணமாக வரைவார்கள். அடோபி ஆர்ஜிபிக்கும் எஸ்ஆர்ஜிபிக்கும் சிவப்பு மூலை ஒன்றுதான். நீல மூலையும் ஒன்றுதான். பச்சை மூலை மட்டும்தான் வெளியே தள்ளிப் போயிருக்கிறது. ஆகவே முக்கியமாகப் பச்சையிலும் பச்சை கலந்த நீலத்திலும்தான் கூடுதல் நிறம் கிடைக்கும். கூறையின் சிவப்புக்கு அடோபி ஆர்ஜிபியால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை.

அப்படியானால் கூறைப் பட்டில் மடிப்புகள் ஏன் அழிந்து ஒரே சிவப்புப் பூச்சாக நிற்கின்றன? மணவறையில் வீடியோக்காரரின் எல்இடி வெளிச்சம் நேரே விழும். பட்டு அதை வாங்கித் திருப்பும். அதன் மேல் நாங்கள் லைட்ரூம் மென்பொருளில் சற்சுரேஷனையும் (நிறச் செறிவு) ஏற்றுவோம். சிவப்புச் சனல், அதாவது சிவப்பின் எண், உச்சமான 255இல் போய் முட்டிவிடும். மற்ற இரண்டு சனலும் இன்னும் கீழேயே இருப்பதால் படம் ஓவராகி விட்டதாகக் கண்ணுக்குத் தெரியாது. ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) மூன்று நிறத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் சிவப்பு மட்டும் வலது சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

நிறவெளியை மாற்றும்போது பெர்செப்சுவல் (எல்லை தாண்டிய நிறங்களை வெட்டாமல் உள்ளே சுருக்கும் முறை) என்று போட்டால் சரியாகிவிடும் என்றும் சொல்வார்கள். வழக்கமான எஸ்ஆர்ஜிபி புரொஃபைல் மேட்ரிக்ஸ் வகை, அப்படிச் சுருக்கும் வழி அதில் இல்லை. அதற்குள் மாற்றும்போது எதைத் தெரிவு செய்தாலும் வெளியே நிற்கும் நிறம் எல்லையில் வெட்டுப்படத்தான் செய்யும். மாற்றுவதற்கு முன்பே நாங்கள்தான் கையால் இறக்கவேண்டும். லைட்ரூமில் டெவலப் பக்கத்தில் எஸ் எழுத்தை அழுத்தினால் சொப்ட் புரூஃப் (வெளியீட்டில் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் முன்னோட்டம்) வரும். அதில் எஸ்ஆர்ஜிபியைத் தெரிவு செய்து, எல்லை தாண்டிய நிறங்களைக் காட்டச் சொல்லுங்கள். சிவப்பின் சற்சுரேஷனை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். சரிகைக் கரையோரம் மடிப்பு திரும்பி வருவதைக் கண்ணால் பார்க்கலாம்.

கடலோரம்
சரி, சிவப்பு மூலை பற்றி நீங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் நான் எடுப்பது கலியாணம் இல்லை. காரைநகர் கசூரினாக் கடற்கரையில் நண்பகல் வெயிலில் ஆழமில்லாத தண்ணீர் காட்டும் நிறம் இருக்கிறதே, அதை எஸ்ஆர்ஜிபிக்குள் அடைத்தால் தட்டையாகிவிடும். மாரிக்குப் பிறகு நெல் வயலின் இளம் பச்சையும் அப்படித்தான். பெரிய பிரிண்ட் அடித்துச் சுவரில் மாட்டும்போது இந்த இரண்டுக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆரம்பத்திலேயே எஸ்ஆர்ஜிபியில் வேலை செய்து பழகினவர்களுக்கு எதை இழக்கிறோம் என்பதே தெரியாமல் போகும். என்னுடைய கவலை அதுதான்.

லாப்வாசல்
இரண்டு பேரும் கதைப்பதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் லாப்பில் நிற்கிறவன். இங்கே அல்பப் பக்கங்களும் 4×6 படங்களும் ஒளி பட்டு உருவம் பதியும் கடதாசியில் அடிப்பவை. எங்களுடைய மெஷின் வருகிற ஜேபெக் எல்லாவற்றையும் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்கிறது, புரொஃபைலைத் திறந்தே பார்க்காது. எல்லா லாப்பும் இப்படி என்று சொல்லமாட்டேன், கொடுக்க முன் கேளுங்கள்.

யாராவது பென்டிரைவ் தந்தால் முதலில் ஃபைல் பெயரைத்தான் பார்ப்பேன். அடிக்கோட்டில் தொடங்கினால் கமராவில் அடோபி ஆர்ஜிபி போட்டு எடுத்தது என்று அர்த்தம். நிக்கோனில் வழக்கமாக டிஎஸ்சி எழுத்துக்குப் பின்னால் வரும் கோடு, அப்போது முன்னால் வந்து நிற்கும். உடனே ஆளைக் கூப்பிட்டுக் கேட்பேன்.

அதைவிடக் கூடுதலாக வரும் பிழை வேறு. எஸ்ஆர்ஜிபி கேட்டோம் என்று போட்டோஷொப்பில் அசைன் புரொஃபைல் கொடுத்துவிட்டு வருவார்கள். அசைன் எண்களைத் தொடாது, அவற்றின் பொருளை மட்டும் மாற்றும். 219 அப்படியே 219ஆக இருந்து, இப்போது மங்கல் சிவப்பு என்றே எழுதப்பட்டுவிடும். கொடுக்கவேண்டியது கன்வேர்ட் டு புரொஃபைல். அது நிறத்தை வைத்துக்கொண்டு எண்ணை மாற்றும்.

இன்னொன்று, படம் இருட்டாக வந்தது என்று சண்டை பிடிப்பவர்களில் பாதிப் பேர் திரை வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்துக்கொண்டு எடிட் பண்ணுகிறவர்கள். நிறம் பார்க்க முன் அதைக் குறையுங்கள்.

கடலோரம்
லாப் புரொஃபைலை வாசிக்கவேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்காதவரை இது மாறப்போவதில்லை. எல்லாரும் எஸ்ஆர்ஜிபி கொடுத்துக்கொண்டே இருந்தால் ஏன் மாற்றப்போகிறார்கள்?

கறுப்புத்துணி
கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் அதுவரை ஒரு குடும்பத்தின் கலியாண அல்பத்தை வைத்துப் பரீட்சை பண்ண ஏலாது. எங்களுடைய படங்களைப் பார்க்கிற பாதிச் சனம் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறது. யார் எந்தப் போனில், எந்த அப்பில் திறப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. புரொஃபைல் தொலைந்தாலும் எஸ்ஆர்ஜிபி படம் பெரும்பாலும் சரியாகவே தெரியும், அடோபி ஆர்ஜிபி படம் மங்கும். வட்ஸ்அப்பில் போடுவதென்றால் டொக்கியுமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது படத்தைச் சுருக்கி மறுபடி எழுதிவிடும்.

நீங்கள் பயப்படும் இழப்பு ஜேபெக்கில்தான், மூலத்தில் இல்லை. ரோவில் (கமரா பதப்படுத்தாத மூலத் தரவு) எடுத்தால் கமராவின் கலர் ஸ்பேஸ் அந்தத் தரவைத் தொடாது. லைட்ரூமின் டெவலப் பக்கம் உள்ளே புரோபோட்டோ என்ற மிகப் பெரிய நிறவெளியின் அளவுக்கு அகலமாகத்தான் வேலை செய்கிறது. போட்டோஷொப்புக்குக் கொண்டுபோனால் 16 பிட்டில் வைத்திருங்கள். 8 பிட்டில் ஒரு சனலுக்கு 256 படிதான், அகலமான வெளியில் அதை இழுத்தால் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். மூலத்தை அகலமாக வைத்துக்கொண்டு, கடைசி எக்ஸ்போர்ட்டில் மட்டும் எஸ்ஆர்ஜிபிக்கு இறக்கினால் போதும். டார்க்டேபிள் என்ற மென்பொருள் பாவிப்பவர்களுக்கும் இதேதான், எக்ஸ்போர்ட் பகுதியில் அவுட்புட் புரொஃபைலை மாற்றினால் சரி.

கடலோரம்
மூலம் அகலமாக இருக்கவேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. ஆனால் நல்ல இங்க்ஜெட் பிரிண்டுக்கு நான் 16 பிட் டிஃப் ஃபைலாகவும் அடோபி ஆர்ஜிபியாகவும்தான் கொடுப்பேன். அடிப்பவரிடம் அந்தக் கடதாசியின் புரொஃபைலை வாங்கிச் சொப்ட் புரூஃப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். அதற்கும் எஸ்ஆர்ஜிபி என்று நீங்கள் சொன்னால் நான் கேட்கமாட்டேன்.

கறுப்புத்துணி
அடிப்பவர் யார், என்ன மெஷின் என்று தெரிந்து கொடுப்பதென்றால் கொடுங்கள். தெரியாத கைக்குப் போகும் ஃபைலுக்கு மட்டும்தான் நான் சொல்கிறேன்.

பனங்காய்
சிவப்புச் சனலைப் பார்த்தேன். தாலி கட்டும் படத்தில் தோள்பக்கம் முழுதும் 255. ரோவில் போய் சிவப்பை இறக்கியதும் மடிப்பு தெரிகிறது, சரிகையும் தனியே பிரிந்து நிற்கிறது. கன்வேர்ட் பண்ணி, புரொஃபைலோடு ஜேபெக் எடுத்து டிசைனருக்கு அனுப்பினேன். இப்போது இரண்டு திரையிலும் ஒரே மாதிரித்தான் தெரிகிறது என்கிறார். லாப் அண்ணை, அல்பத்துக்கு முழுதாகக் கொடுக்க முன் சோதித்துப் பார்க்க ஏலுமா?

லாப்வாசல்
எந்த லாப்பிலும் கேட்கலாம் தம்பி. கூறை வரும் படம் ஒன்று, முகம் பெரிதாக வரும் படம் ஒன்று, இரண்டையும் 4×6இல் அடித்து வாங்குங்கள். பகல் வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முகம் சரியாக வந்தால் மிச்சத்தைக் கொடுங்கள். அடிப்பவரிடம் மெஷினின் ஓட்டோ கலர் திருத்தத்தை நிறுத்தச் சொல்ல மறக்காதீர்கள்.