பிடிஎஃப்ஜாம்: ஒற்றை, இரட்டைப் பக்க ஓரங்களை வெவ்வேறாக வெட்ட முடியுமா?

லினக்ஸில் 46 பக்க ஏ4 பிடிஎஃப் ஒன்றை, தாளின் ஒரு முகத்துக்கு 2 பக்கமாக அச்சிட வேண்டும். பிடிஎஃப்ஜாமில் (பிடிஎஃப் பக்கங்களை மாற்றி அடுக்கும் கட்டளைவரிக் கருவி) 'நப்' 2×1 (அருகருகே இரு பக்கம்), 'லேண்ட்ஸ்கேப்' (கிடைவாக்குத் தாள்) கொடுத்தால் 23 முகம், இருபுறமும் அச்சிட்டால் 12 தாள். அதுவரை சரி. ஆனால் 12 புள்ளி எழுத்து சுமார் 8.5 புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது.

'ட்ரிம்' (ஓரங்களில் வெட்டும் அளவு), 'கிளிப்' (வெட்டிய பகுதியை மறைப்பது) இரண்டும் சேர்த்து அகலத்தில் 40 மி.மீ., உயரத்தில் 40 மி.மீ. வெட்டினால் எழுத்து ஏறக்குறைய 9.8 புள்ளிக்கு வரும், தாராளமாகப் படிக்கலாம். சிக்கல், இது புத்தக வடிவக் கோப்பு: ஒற்றைப் பக்கத்தில் (1, 3, 5...) இடது ஓரம் 30 மி.மீ., வலது 20. இரட்டைப் பக்கத்தில் நேர்மாறு. 'ட்ரிம்' எல்லாப் பக்கத்துக்கும் ஒரே அளவுதான் என்பதால், இடது ஓரத்தில் 25 மி.மீ. வெட்டினால் இரட்டைப் பக்கங்களில் வரிகளின் முதலெழுத்தே போய்விடுகிறது.

வெற்று ஓரங்களைத் தானாக வெட்டும் பிடிஎஃப்கிராப் கருவியும் சரிவரவில்லை. அது ஒவ்வொரு பக்கத்தையும் அதனதன் எழுத்துப் பரப்புக்கு வெட்டுவதால், பாதி நிரம்பிய பக்கம் மட்டும் பூதாகரமாகத் தெரிகிறது.

இப்போதைக்கு கியூபிடிஎஃப்பில் (பிடிஎஃப்பைப் பிரிக்கவும் சேர்க்கவும் உதவும் கருவி) ஒற்றை, இரட்டை என்று பிரித்து, தனித்தனியே வெட்டி, 'கொலேட்' (பக்கங்களை மாற்றி மாற்றிச் சேர்க்கும் தெரிவு) மூலம் மறுபடி கோக்கிறேன். மூன்று இடைக்கோப்புகள், சுற்றுவழி. ஒரே கட்டளையில் முடிக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன். அச்சுப்பொறி அமைப்பில் 'குறுகிய விளிம்பில் திருப்பு' ஏற்கெனவே வைத்தாயிற்று, அதில் தொல்லை இல்லை.