கைரேகை மெஷினை நம்பி வெள்ளி வைக்கலாமா?

கொலுசுப்பட்டறை:
எல்லோருக்கும் வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பா காலத்திலிருந்து கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம், பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். கட்டி வெள்ளியும் முடிந்த சரக்கும் வைக்கிற உள்ளறைக் கதவுக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் கைரேகை மெஷின் போட்டோம். வருகைப் பதிவும் அதிலேயே ஆகிவிடும், நோட்டு எழுத வேண்டாம் என்று விற்றவர் சொன்னார். நானும் சரி என்றேன்.

ஆரம்பத்திலிருந்தே தகராறு. காலையில் எட்டு பேருக்கு எடுக்கும், ஆறு பேருக்கு எடுக்காது. மெருகு போடுகிறவர்களுக்குச் சுத்தமாக எடுக்காது. திட்டியதும் மெக்கானிக் வந்து செட்டிங்கில் ஏதோ ஒரு எண்ணை மாற்றிவிட்டுப் போனார், அன்றிலிருந்து எல்லோருக்கும் எடுக்கிறது. நிம்மதி என்று இருந்தேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், அவன் ரேகையை இன்னும் ஏற்றவே இல்லை, விளையாட்டாக விரலை வைத்தான். என் மச்சான் பெயரைக் காட்டி நன்றி சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துவிட்டது மெஷின்!

ஒருவர் ரேகை இன்னொருவருக்கு இருக்காது என்றுதானே படித்தோம்? வெள்ளி விற்கிற விலையில் இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. முகம் பார்க்கிற மெஷினுக்கு மாறலாமா, இல்லை இதையே சரி செய்ய முடியுமா?

ஐந்துரோடு_வயர்மேன்:
அண்ணா, கேமராவும் கதவு மெஷினும் மாட்டுவதுதான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ரேகை ஆளுக்கு ஆள் வேறுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் மெஷின் உங்கள் ரேகையை முழுசாகப் பார்ப்பதில்லை. கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று சில புள்ளிகளை மட்டும் எடுத்து எண்களாக வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை விரல் வைக்கும்போதும் வியர்வை, அழுக்கு, அழுத்தம் எல்லாம் கொஞ்சம் மாறும், அதனால் அச்சு அசலாக ஒத்துப்போகவே போகாது. எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒரு மார்க் போடும், பாஸ் மார்க்குக்கு மேல் வந்தால் கதவு திறக்கும். உங்கள் மெக்கானிக் செய்தது பாஸ் மார்க்கைக் குறைத்தது. மெருகுக்காரர்கள் பாஸ் ஆனார்கள், கூடவே அந்தப் பையனும் பாஸ் ஆகிவிட்டான். ஏற்றினால் உங்கள் ஆளே வெளியே நிற்பார், இறக்கினால் அடுத்தவன் உள்ளே வருவான். இரண்டையும் ஒரே நேரத்தில் பூஜ்யமாக்குகிற மெஷின் எந்தக் கம்பெனியிடமும் கிடையாது.

இன்னொரு கணக்கு இருக்கிறது, விற்கிறவர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள். ஒரு ரேகையோடு ஒப்பிடும்போது ஆயிரத்தில் ஒரு தடவை வேறு ஆளைத் தப்பாக ஏற்றுக்கொள்ளும் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நல்லாத்தான் இருக்கும். பதினான்கு பேர், ஆளுக்கு இரண்டு விரல் என்றால் மெஷினில் 28 ரேகை இருக்கும். வெளியாள் ஒருவன் விரல் வைத்தால் அந்த 28-ஓடும் ஒப்பிட்டுப் பார்க்கும், அப்போதே நூற்றுக்கு மூன்று கிட்ட வந்துவிட்டது. அவன் பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய நாலில் ஒரு வாய்ப்பு. அதனால் முதலில் ஆள் எண்ணை அடித்துவிட்டு அப்புறம் விரல் வைக்கிற மாதிரி மாற்றுங்கள், அந்த ஒருவர் ரேகையோடு மட்டும்தான் ஒப்பிடும். பாஸ் மார்க்கைப் பழைய இடத்துக்கே ஏற்றச் சொல்லுங்கள்.

அம்மாப்பேட்டை_90:
என் பெரியப்பா போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், ரேகை பொய் சொல்லாது என்பார். நூறு வருசத்துக்கு மேல் கோர்ட்டில் நிற்கிற சமாச்சாரம். சும்மா பயமுறுத்தாதீர்கள், மெஷின் மட்டம், அவ்வளவுதான்.

பெங்களூர்_போன_சேலத்தான்:
@அம்மாப்பேட்டை_90 ரேகை பொய் சொல்லாது, சரி. பார்க்கிறவர் தப்பாகப் பார்ப்பாரே. 2004-இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு ரேகையை அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ-யின் நிபுணர்களே ஓரிகன் வக்கீல் பிராண்டன் மேஃபீல்டுடையது என்று உறுதியாகச் சொல்லி அவரை இரண்டு வாரம் உள்ளே வைத்தார்கள். ஸ்பெயின் போலீஸ் அது வேறு ஆளுடையது என்று கண்டுபிடித்த பிறகு மன்னிப்புக் கேட்டு, பின்னால் இருபது லட்சம் டாலர் கொடுத்தார்கள். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கே அந்தக் கதி, செவ்வாய்ப்பேட்டை மெஷின் அரை நொடியில் முடிவெடுக்கிறது.

போலி விரலும் புதிதல்ல. 2002-இலேயே ஜப்பானில் மட்சுமோட்டோ என்கிற பேராசிரியர் ஜெலட்டினில் விரல் செய்து, அப்போது கடையில் கிடைத்த மெஷின்களைப் பெரும்பாலான தடவை ஏமாற்றிக் காட்டினார். 2013-இல் ஐபோன் 5எஸ் வந்து இரண்டு மூன்று நாளில் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்கிற ஹேக்கர் குழு ஆட்கள், கண்ணாடியில் பதிந்த ரேகையைப் போட்டோ எடுத்து அதிலிருந்து போலி விரல் செய்து திறந்துவிட்டார்கள். நம் நாட்டிலேயே பத்திரப்பதிவுத் தாளில் இருந்த ரேகையை எடுத்து ரப்பர் விரல் செய்து, ஆதார் வழியாக வங்கிக் கணக்கில் பணம் எடுத்த வழக்குகள் வந்திருக்கின்றன. (ஆதாரின் அதிகாரப்பூர்வச் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம். வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றைக்கே செய்துவிடுங்கள், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம்.)

எனக்குப் பெரிய கவலை வேறு. பாஸ்வேர்ட் வெளியே போனால் மாற்றலாம், விரல் போனால்? 2015-இல் அமெரிக்க அரசு ஊழியர்கள் 56 லட்சம் பேருடைய கைரேகை திருடு போனது, அவர்கள் ஆயுசுக்கும் அதே விரலோடுதான் இருக்க வேண்டும். உங்கள் மெஷின் ஆட்களின் ரேகையை வெளியே எங்காவது சர்வருக்கு அனுப்புகிறதா என்று கேளுங்கள். கையோடு அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், முக்கால்வாசி இடத்தில் பெட்டியில் வந்த எண்ணே இருக்கும்.

ஏற்காடு_காபி:
காபி எஸ்டேட்டில் மஸ்டர், அதாவது வருகைப் பதிவு போடுகிற வேலை எனக்கு. எங்கள் பக்கமும் இதே கதைதான், காரணம் மட்டும் வேறு. நவம்பரில் பழம் பறிக்க ஆரம்பித்தால் ஜனவரி வரைக்கும் கையில் பிசினும் கறையும்தான், அதோடு மார்கழிக் குளிர். தோல் வறண்டு வெடித்த விரலை மெஷின் விரலாகவே மதிக்காது. பனி இறங்குகிற காலையில் கண்ணாடியில் ஈரம் படிந்து, முதல் ஆள் வைத்த அச்சு அப்படியே நிற்கும். நான் சட்டைப் பையில் ஒரு வேட்டித் துணித் துண்டு வைத்துத் துடைத்துக்கொண்டே இருப்பேன். ரேஷன் கடையில் கண் பார்க்கிற கருவி வந்தபின் வயதானவர்களுக்குப் பரவாயில்லை, ஆனால் மலையில் சிக்னல் இல்லாவிட்டால் கண் இருந்தும் ஒன்றும் நடக்காது.

முக மெஷின் பற்றிக் கேட்டீர்கள். மலிவு விலை ஒன்றை இங்கே சோதித்தார்கள், மேஸ்திரியின் போட்டோவைப் போனில் காட்டினோம், வருகை விழுந்தது. எல்லோரும் ஒரு மணி நேரம் சிரித்தோம். முகத்தின் மேடுபள்ளத்தை, அதாவது ஆழத்தைப் பார்க்கிற, இன்ஃப்ராரெட் (அகச்சிவப்பு) கேமரா உள்ள மாடல் என்றால் அந்த மாதிரி ஏமாறாது, விலையும் அதற்கேற்ற மாதிரி இருக்கும்.

குகை_பொண்ணு:
வெள்ளி அறை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அந்த ஆறு பேர் பற்றித் தெரியும். என் அப்பா இருபத்தெட்டு வருசம் மெருகு போட்டவர். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பித்தளை பிரஷ்ஷை வைத்து நாள் முழுக்கத் தேய்க்கிற கை, நடுவில் ஆசிட் வேறு. அவர் கட்டை விரலைத் தொட்டால் கண்ணாடி மாதிரி வழவழ என்று இருக்கும். அவர் வேலை பார்த்த ஓர் இடத்தில் மெஷின் எடுக்காத நாளுக்கெல்லாம் அரை நாள் கூலி பிடித்தார்கள். ஆள் கண் எதிரே நின்று வேலை செய்கிறார், மெஷின் வரவில்லை என்கிறது, முதலாளி மெஷினை நம்பினார். வீட்டுக்கு வந்து அப்பா விரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

தேய்ந்த ரேகை திரும்ப வரும் அண்ணா, உருவம் அடித்தோலில் இருக்கிறது, கைக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்தால் அதே கோடுகள்தான் முளைக்கும். ஆனால் கூலிக்காரருக்கு ஓய்வு எங்கே? உங்கள் ஆட்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் பதிந்திருந்தால் அழித்துவிட்டு, ஞாயிறு லீவு முடிந்து வருகிற திங்கள் காலையில், வெந்நீரில் கை கழுவச் சொல்லிப் பதியுங்கள். கட்டை விரல் வேண்டாம், இடது கை மோதிர விரல் அதிகம் தேயாது. அப்படியும் எடுக்காதவருக்குக் கார்டு கொடுங்கள், இல்லை நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். கூலியைப் பிடிக்காதீர்கள், அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

கொலுசுப்பட்டறை:
@குகை_பொண்ணு தங்கச்சி, கூலி பிடித்ததில்லை, ஆனால் இரண்டு பேரைத் திரும்பத் திரும்ப விரல் வைக்கச் சொல்லிச் சத்தம் போட்டிருக்கிறேன். அது தப்புதான். வருகைக்கு நோட்டையே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

உள்ளறைக்கு இப்படி யோசிக்கிறேன்: நானும் மச்சானும் மட்டும், எண் அடித்து விரல் வைத்து. மற்றவர்களுக்கு அந்தக் கதவில் வேலையே இல்லை, வெள்ளியை எடை போட்டு வெளியே கொடுத்து எடை போட்டு வாங்குவதுதானே வழக்கம், சேதாரமும் அங்கேயே தெரிந்துவிடும். சரியா வயர்மேன் தம்பி?

ஐந்துரோடு_வயர்மேன்:
நூற்றுக்கு நூறு சரி அண்ணா. 28 ரேகை நாலாகக் குறைந்தாலே பாதிப் பிரச்சினை போச்சு. இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். கதவைத் திறக்கச் சொல்லும் ஒயர் வெளியே மாட்டியிருக்கிற மெஷினிலிருந்தே போகிறதா? அப்படியென்றால் மூடியைக் கழற்றத் தெரிந்தவனுக்கு விரலே தேவையில்லை, அந்தக் கன்ட்ரோலை உள்ளறைக்குள் மாற்றச் சொல்லுங்கள். இரண்டாவது, உங்களுடையது காந்தப் பூட்டா? கரண்ட் இருக்கும்வரைதான் அது பிடித்திருக்கும். தீப்பிடித்தால் ஆள் வெளியே வரட்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். பேட்டரி நல்லா இருக்கிறதா என்று மெயினை இறக்கிவிட்டு ஒரு தடவை பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் முழுக்கக் கரண்டை நிறுத்துவார்களே, அன்றைக்கு என்ன ஆகும் என்று தெரியும்.

கொலுசுப்பட்டறை:
காந்தப் பூட்டுதான். இப்போதுதான் மெயினை இறக்கிவிட்டு மச்சானும் நானும் கதவுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். நாலாவது நிமிடம் டக் என்று ஒரு சத்தம், கதவு தானாகவே ஒரு சாண் திறந்து நின்றது. ஆறு மாதமாக இப்படித்தான் இருந்திருக்கிறது.

பேட்டரி நாளைக்கு மாற்றுகிறார்கள். இன்று ராத்திரிக்கு அப்பா காலத்துத் திண்டுக்கல் பூட்டைத் தேடி எடுத்துவிட்டேன், எண்ணெய் விட்டாகிவிட்டது. சாவி அம்மாவின் கொத்தில் இருக்கிறது, அம்மா சங்ககிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், ஒன்பது மணி பஸ்ஸில் வருகிறாராம்.